அனுப்பின படத்தில் இலை நரம்பு எங்கே போகிறது?

மாடித்தோட்டக் குழுக்களில் தினமும் நடப்பதுதான். ஒருவர் மிளகாய்ச் செடியின் இலையைப் படமெடுத்துப் போடுவார். "இலை சுருண்டுக்கிட்டே போகுது, என்ன பூச்சின்னு பாருங்க" என்பார். பார்க்கிறவர்களுக்குப் பச்சையாக ஏதோ குழைந்து கிடப்பது மட்டும் தெரியும். உடனே ஆளாளுக்கு ஒரு காரணம் வரும். "உங்க போன் பழசு, 108 மெகாபிக்சல் வாங்குங்க." "நாலு பேர் ஃபார்வர்டு பண்ணினாலே படம் தேய்ஞ்சிடும்." "வாட்ஸப்னாலே அப்படித்தான்." "லென்ஸைத் துடைச்சீங்களா?"

இதில் லென்ஸைத் துடைக்கச் சொன்னவர் பேச்சை மட்டும் கேட்கலாம். மற்றவை முக்கால்வாசி தப்பு. படம் வழியில் தேய்வதில்லை. அனுப்பும் நேரத்தில் போனுக்குள் ஒரு கணக்கு ஓடுகிறது. எதை எடுத்துவிட்டால் மனிதக் கண்ணுக்குத் தெரியாதோ அதை எடுத்துவிடுவது அந்தக் கணக்கின் வேலை. முகம், கல்யாண மேடை, கட்டடம் என்றால் கணக்கு பெரும்பாலும் சரியாகவே வருகிறது. இலை, புல், பனிமூட்டம், சிவப்புப் பூ என்று வரும்போதுதான் சொதப்புகிறது. செடிப் படம் போடுகிறவர்கள் அதிகம் புலம்புவதற்குக் காரணம் இதுதான்.

## படம் என்பது எண்களின் பட்டியல்

போனில் ஒரு படத்தை விரலால் பெரிதாக்கிக்கொண்டே போனால் சின்னச் சின்னப் புள்ளிகளாகப் பிரியும். அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் ஒரு பிக்சல். ஒரு பிக்சலுக்கு மூன்று எண்கள்: சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு. மூன்றும் 0 முதல் 255 வரை போகும். அவ்வளவுதான் படம்.

பத்து லட்சம் பிக்சல் சேர்ந்தால் ஒரு மெகாபிக்சல். 12 மெகாபிக்சல் கேமரா எடுக்கும் படத்தில் அகலத்தில் சுமார் 4000, உயரத்தில் சுமார் 3000, ஆக 1 கோடியே 20 லட்சம் பிக்சல். பிக்சலுக்கு மூன்று எண் என்றால் 3 கோடியே 60 லட்சம் எண்கள். அப்படியே சேமித்தால் 36 எம்.பி. வரும்.

இப்போது உங்கள் போனில் ஏதாவது ஒரு தோட்டப் படத்தைத் திறந்து, விவரங்களில் அளவைப் பாருங்கள். நாலோ ஐந்தோ எம்.பி.தான் இருக்கும். மீதி 30 எம்.பி. எங்கே? யாருக்கும் அனுப்பவே இல்லையே! அதாவது, நாம் 'ஒரிஜினல்' என்று சொல்கிற படமே ஏற்கெனவே சுருக்கப்பட்டதுதான். கேமரா பட்டனை அழுத்திய அடுத்த நொடியே போன் அதைச் செய்து முடித்துவிடுகிறது.

## சுருக்குவதில் இரண்டு வகை

ஒரு வகையில் எதுவும் தொலையாது. வானத்தில் ஒரே நீலம் வரிசையாக 40 பிக்சலுக்கு வந்தால், 40 முறை எழுதாமல் 'இதே நீலம், 40 முறை' என்று எழுதினால் போதும். திறக்கும்போது நாற்பதும் அச்சு அசலாகத் திரும்பி வரும். இது இழப்பில்லாச் சுருக்கம். ஆனால் நிஜ உலகின் படங்களில் அடுத்தடுத்த பிக்சல்கள் இப்படி ஒரே மாதிரி இருப்பது அபூர்வம். அதனால் இந்த வழியில் பெரிய லாபம் கிடைக்காது.

இன்னொரு வகை, கொஞ்சத்தை எடுத்தே விடுவது. கத்தரிக்காயை நறுக்கி வெயிலில் வத்தல் போடுகிற மாதிரி. தண்ணீர் போய்விடும், எடை குறையும், டப்பாவில் அடைத்து ஊருக்கு அனுப்பலாம். குழம்பில் போட்டால் ருசியாகவும் இருக்கும். ஆனால் எவ்வளவு நேரம் ஊறவைத்தாலும் அது மறுபடியும் பச்சைக் கத்தரிக்காய் ஆகாது. படத்தில் இதற்கு இழப்புச் சுருக்கம் என்று பெயர். போனில் பெரும்பாலான படங்கள் இருக்கும் ஜேபெக் வடிவம் இந்த வகைதான். ஐபோன்கள் 2017-லிருந்து பயன்படுத்தும் ஹெயிக் வடிவமும் இதே வகை. கொஞ்சம் புதிய, கெட்டிக்காரக் கணக்கு, அவ்வளவுதான் வித்தியாசம்.

இதுவரை சொன்னது: படம் என்பது எண்கள். முழுதாக வைத்தால் 36 எம்.பி. என்பதால் போனே அதை ஐந்து எம்.பி.க்குச் சுருக்குகிறது. வாட்ஸப்பில் போடும்போது அந்த வத்தலை மறுபடி ஒரு வெயில் காட்டுகிறோம்.

## அந்த இரண்டாவது வெயில்

வாட்ஸப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பினால் முதலில் பிக்சல்களின் எண்ணிக்கை குறையும். நீண்ட பக்கம் சுமார் 1600 பிக்சல் என்ற அளவுக்கு வந்துவிடும். 4000-க்கு 3000 என்று இருந்தது 1600-க்கு 1200 ஆகிறது. ஆறு பிக்சல் இருந்த இடத்தில் ஒன்று. உங்கள் கேமரா 12 மெகாபிக்சலா 108 மெகாபிக்சலா என்பது இங்கே செல்லாது, எல்லாரும் இதே வாசல் வழியாகத்தான் போக வேண்டும். 108 மெகாபிக்சல் போன்கள் பலவும் வழக்கமான முறையில் ஒன்பது பிக்சலை ஒன்றாக்கி 12 மெகாபிக்சல் படமாகத்தான் சேமிக்கின்றன என்பது தனிக் கதை.

மிளகாய் இலைக்கு வருவோம். படத்தின் அகலத்தில் 16 சென்டிமீட்டர் அடங்குகிற மாதிரி கிளையை எடுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 4000 பிக்சல் என்றால் ஒரு மில்லிமீட்டருக்கு 25 பிக்சல். இலையில் சாறு உறிஞ்சும் இலைப்பேன் ஒன்றின் நீளம் சுமார் ஒரு மில்லிமீட்டர், அகலம் அதில் ஐந்தில் ஒரு பங்கு. உங்கள் போனில் அது 25-க்கு 5 பிக்சல். பெரிதாக்கினால் ஒரு கோடு மாதிரியாவது தெரியும். 1600 ஆனதும் 10-க்கு 2 பிக்சல். மிளகாயைத் தாக்கும் இன்னொன்றான மஞ்சள் சிலந்தி (மைட்) அதைவிடச் சின்னது, 0.2 மில்லிமீட்டர்தான், 5 பிக்சலாக இருந்தது 2 ஆகிவிடும். இரண்டு பிக்சலைப் பார்த்து அது பூச்சியா, தூசியா, வெயில் பட்ட மினுக்கா என்று யாராலும் சொல்ல முடியாது.

அப்புறம், தொலையாத ஒன்றும் இருக்கிறது. இலைப்பேன் தாக்கினால் மிளகாய் இலை மேல்நோக்கிச் சுருளும். மஞ்சள் சிலந்தி என்றால் கீழ்நோக்கி. இந்த வளைவு பெரிய உருவம் என்பதால் எவ்வளவு சுருக்கினாலும் பிழைத்துக்கொள்ளும். அனுபவசாலிகள் மங்கலான படத்தைப் பார்த்தே பூச்சியைச் சொல்லிவிடுகிறார்கள் என்றால் இதை வைத்துத்தான். பெரியது தப்பிக்கும், சின்னது தொலையும் என்பது இனி வரப்போகும் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

## வெளிச்சம் தனி, நிறம் தனி

பிக்சலைக் குறைத்த பிறகு ஜேபெக் கணக்கு தொடங்குகிறது. அது சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களை வேறு மூன்றாக மாற்றி எழுதும். ஒன்று ஒளிர்வு, அதாவது நிறத்தை நீக்கிவிட்டுக் கறுப்பு வெள்ளைப் படமாகப் பார்த்தால் அந்தப் புள்ளி எவ்வளவு வெளிச்சம் என்பது. மற்ற இரண்டும் நிற எண்கள். புள்ளி நீலப் பக்கம் சாய்கிறதா, சிவப்புப் பக்கம் சாய்கிறதா என்று சொல்லும்.

எதற்கு இந்தப் பிரிப்பு? நம் கண்ணுக்கு ஒரு பலவீனம் உண்டு. நுணுக்கங்களை நாம் வெளிச்ச வித்தியாசத்தை வைத்துத்தான் பிடிக்கிறோம். நிறத்தை அவ்வளவு நுணுக்கமாகப் பார்ப்பதில்லை. கலர் டிவி வந்த காலத்திலிருந்தே பொறியாளர்கள் இதைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள். ஜேபெக்கில் பொதுவாக ஒளிர்வு பிக்சலுக்கு ஒன்று என்று முழுதாக இருக்கும். நிற எண்கள் மட்டும் நாலு பிக்சலுக்கு ஒரு ஜோடி. நாலு பிக்சலுக்கு 12 எண் இருந்த இடத்தில் இப்போது 6. பாதி போயாச்சு, ஆனாலும் பாட்டியின் முகமோ பேருந்து நிலையமோ அப்படியேதான் தெரிகிறது.

செம்பருத்தி மட்டும் தெரிவதில்லை.

ஒளிர்வைக் கணக்கிடும்போது 100 பங்கில் பச்சைக்கு 59, சிவப்புக்கு 30, நீலத்துக்கு 11 என்று கொடுக்கிறார்கள். அடர் சிவப்பு இதழ் ஒன்றின் எண்கள் 200, 20, 30 என்று இருந்தால் அதன் ஒளிர்வு சுமார் 75. பின்னால் இருக்கும் இலை 60, 100, 40 என்றால் அதன் ஒளிர்வு சுமார் 81. இரண்டும் ஏறக்குறைய ஒன்று! கண்ணைப் பறிக்கிற சிவப்பும் பின்னணிப் பச்சையும் ஒளிர்வைப் பொறுத்தவரை அண்ணன் தம்பிதான். நம்பவில்லையென்றால் போனிலேயே ஒரு செம்பருத்திப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள், பூ இலைக்குள் முங்கிப் போகும்.

ஆக, இதழ் எங்கே முடிகிறது, இலை எங்கே தொடங்குகிறது என்பதைச் சொல்லும் வேலை முழுக்க நிற எண்களின் தலையில் விழுகிறது. அவையோ நாலுக்கு ஒன்றுதான் இருக்கின்றன. அதனால் சிவப்பு ஓரம் பச்சைக்குள் கசியும். இதழின் மேல் ஓடும் மெல்லிய நரம்புகளும் பெரும்பாலும் சிவப்பின் ஏற்ற இறக்கம்தான் என்பதால், அவையும் வழுக்கலாகிப் பெயின்ட் அடித்த மாதிரி ஆகிவிடும். நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் தண்டில் உள்ள மஞ்சள் மகரந்தப் புள்ளிகள் மட்டும் தப்பும். மஞ்சள் நல்ல வெளிச்சமான நிறம், அதன் உருவம் ஒளிர்விலேயே பதிவாகிவிடுகிறது.

குறிஞ்சிக்கும் இதே கதி. 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2018-இல் மூணாறு, கொடைக்கானல் மலைகளில் பூத்தபோது எட்ட நின்று எடுத்த படங்கள் பலருக்கும் ஏமாற்றம்தான். ஒரு பூ இரண்டு மூன்று பிக்சல். பக்கத்தில் பச்சை இலை. பிக்சல் குறையும்போது ஒருமுறை, நிறம் பகிரும்போது இன்னொரு முறை என்று ஊதாவும் பச்சையும் கலந்து சராசரியாகின்றன. அந்தச் சராசரி சாம்பல். மலை பூத்ததா, புகை படிந்ததா என்று கேட்கும்படி ஆகிவிடும்.

## எட்டுக்கு எட்டுக் கட்டங்கள்

இனி வருவதுதான் கணக்கின் இதயம். கொஞ்சம் நிதானமாகப் படித்தால் போதும், பயப்பட ஒன்றுமில்லை.

படம் முழுவதையும் 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். ஒரு கட்டத்தில் 64 பிக்சல், அதாவது 64 ஒளிர்வு எண்கள். இந்த 64 எண்களை வேறு 64 எண்களாக மாற்றுகிறார்கள். புதிய எண்களில் முதலாவது, கட்டத்தின் சராசரி வெளிச்சம். அடுத்த சில எண்கள், இடமிருந்து வலமாகவோ மேலிருந்து கீழாகவோ வெளிச்சம் மெதுவாக ஏறி இறங்குவது இதில் எவ்வளவு இருக்கிறது என்பவை. போகப் போக ஏற்ற இறக்கம் நெருக்கமாகும். கடைசி எண், ஒரு பிக்சல் விட்டு ஒரு பிக்சல் மாறும் மிக நுண்ணிய கோலம் இதில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும். இந்த மாற்றத்துக்குப் பெயர் கொசைன் மாற்றம். இதில் எதுவும் தொலைவதில்லை. 64 எண்ணையும் வைத்திருந்தால் பழைய கட்டத்தைத் திரும்பப் பெறலாம்.

இதைக் கண்டுபிடித்தவர் நசீர் அகமது, 1940-இல் பெங்களூரில் பிறந்தவர். 1972-இல் இந்த ஆராய்ச்சிக்கு அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார், கிடைக்கவில்லை. விடாமல் நடராஜன், கே. ஆர். ராவ் இருவருடனும் சேர்ந்து 1974-இல் கட்டுரையாக வெளியிட்டார். 1992-இல் ஜேபெக் தரம் வந்தபோது இதுதான் அதன் அடித்தளம். காலை வணக்கத்தோடு ரோஜாப்பூ அனுப்புகிற அத்தனை பேரும் இவருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள்.

தொலைப்பது அடுத்த படியில். 64 எண் ஒவ்வொன்றையும் ஒரு குறிப்பிட்ட எண்ணால் வகுத்து முழு எண்ணாக்குகிறார்கள். ஜேபெக் தரத்தில் உதாரணமாகக் கொடுத்திருக்கும் அட்டவணையில் சராசரியை வகுக்கும் எண் 16, மிக நுண்ணிய கோலத்தை வகுக்கும் எண் 99. நுண்ணியவற்றின் மதிப்பு 7 என்று இருந்து அதை 40 ஆல் வகுத்தால் 0.175 வரும், முழு எண்ணாக்கினால் பூஜ்யம். திறக்கும்போது பூஜ்யத்தை 40 ஆல் பெருக்கினால் பூஜ்யம்தான், அந்த 7 போனது போனதுதான். 90 என்று இருந்தால் 2 ஆகி, திரும்பும்போது 80 ஆகும். அளவு இன்னும் குறைய வேண்டுமென்றால் வகுக்கும் எண்களைப் பெரிதாக்குவார்கள். படத்தின் 'குவாலிட்டி' 90, 70 என்று தெரிவு செய்வது இந்த எண்களைத்தான் ஏற்றி இறக்குகிறது.

சுருக்கமாக: கட்டமாகப் பிரி, பெரிய உருவத்தையும் சின்ன நுணுக்கத்தையும் தனித்தனி எண்ணாக்கு, சின்னதைப் பூஜ்யமாக்கு. வரிசையாகப் பூஜ்யம் வந்தால் 'இத்தனை பூஜ்யம்' என்று எழுதிவிடலாம். அளவு குறைவது அதனால்தான்.

## தோட்டத்தில் இது எப்படித் தெரிகிறது

தெளிந்த வானம் இருக்கும் கட்டத்தில் முதல் ஓரிரு எண்களைத் தவிர எல்லாம் ஏற்கெனவே பூஜ்யம். இழக்க ஒன்றுமில்லை. புல்தரையில் அப்படியில்லை, ஒவ்வொரு கட்டத்திலும் புல் நுனி, நிழல், மினுக்கு என்று 64 எண்ணும் நிரம்பி வழியும். அதனால்தான் ஒரே போனில், ஒரே நிமிடத்தில் எடுத்தாலும் வானத்தின் படம் சின்னதாகவும் புதரின் படம் பல மடங்கு பெரிதாகவும் இருக்கிறது. நீங்களே எடுத்து அளவை ஒப்பிட்டுப் பார்க்கலாம். இந்தப் புதரைச் சில நூறு கே.பி.க்குள் அடக்கச் சொன்னால் நுண்ணிய எண்கள் கூட்டமாகப் பலியாகும். முருங்கை இலைக்கொத்து பச்சைப் பஞ்சாவது இப்படித்தான்.

பனிமூட்டம் வேறு விதம். ஊட்டியில் காலையில் எடுத்த படத்தில் தூரத்து மலை முகடு வானத்தைவிட மயிரிழை மட்டுமே அடர்த்தியாக இருக்கும். வித்தியாசம் அவ்வளவு சின்னது என்றால் எண்ணும் சின்னது, வகுத்தால் பூஜ்யம். முகடு மறைந்துவிடும். கூடவே கட்டத்துக்குக் கட்டம் சராசரி முழு எண்ணாக்கப்படுவதால், இழையாக மாற வேண்டிய வெண்மை படிப்படியாகத் தெரியும், சில இடங்களில் சதுரங்களே தெரியும். நேரில் நின்றவருக்கு மனசை அள்ளிய காட்சி. குழுவில் பார்க்கிறவருக்கு வெள்ளையாக ஏதோ.

## ஃபார்வர்டு, ஸ்கிரீன்ஷாட், 'ஏஐ' தெளிவு

ஃபார்வர்டு பட்டனை அழுத்தி அனுப்பினால் போவது அதே கோப்புதான். பத்து பேரைத் தாண்டினாலும் அது தேயாது. கோப்பைக் காப்பி எடுப்பதும் திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பதும் எதையும் குறைக்காது.

கெடுப்பது ஸ்கிரீன்ஷாட். 4000 பிக்சல் அகலப் படத்தை நிமிர்த்திப் பிடித்த போனில் பார்க்கும்போது திரையின் அகலம் பொதுவாக 1080 பிக்சல். ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் படத்தில் மிஞ்சுவது அவ்வளவுதான். அதே போல, வெட்டி, சாய்த்து, பூவுக்கு மேல் 'இனிய காலை வணக்கம்' எழுதிச் சேமித்தால் கட்டங்கள் புதிதாகப் போடப்பட்டு முழுக் கணக்கும் மறுபடி ஓடும். பல கை மாறிய காலை வணக்க ரோஜா தேய்ந்து போய் இருப்பதற்குக் காரணம் இந்த மறுசேமிப்புதான்.

மங்கின படத்தை ஏஐ செயலியில் போட்டால் இலை நரம்பெல்லாம் பளிச்சென்று வந்துவிடுகிறதே என்பார்கள். வருவது உங்கள் செடியின் நரம்பு அல்ல. இப்படிப்பட்ட இலைக்கு நரம்பு பொதுவாக எப்படி இருக்கும் என்று அது கற்றுவைத்திருப்பதை வரைகிறது. சுவரில் மாட்ட நன்றாக இருக்கும். பூச்சியையோ நோயையோ கண்டுபிடிக்க அந்தப் படத்தை நம்பி மருந்தடிக்க வேண்டாம்.

## அனுப்பும்போது

பலன் அதிகம், செலவில்லை என்றால் அது வெட்டி அனுப்புவதுதான். இலையில் புள்ளி இருக்கும் பகுதியை மட்டும் வெட்டினால், அந்தத் துண்டு 1600 பிக்சலுக்குள் அடங்கிவிடும். பிக்சல் குறைக்கும் படியே நடக்காது. முழுச் செடி ஒரு படம், அந்தத் துண்டு ஒரு படம் என்று இரண்டாக அனுப்புங்கள், பதில் சொல்கிறவர் வாழ்த்துவார். 2023 ஆகஸ்டிலிருந்து வாட்ஸப்பில் எச்டி தெரிவும் இருக்கிறது. அதிலும் சுருக்கம் உண்டு, ஆனால் இரண்டாவது வெயில் அவ்வளவு கடுமையாக இருக்காது. தோட்டப் படத்துக்கு இதை வழக்கமாகவே வைத்துக்கொள்ளலாம்.

துளிகூட மாறக்கூடாது, அச்சடிக்கப் போகிறார்கள் என்றால் 'டாக்குமென்ட்' வழியாக அனுப்ப வேண்டும். அப்போது கோப்பு தொடப்படாமல் போகும். அதில் ஒரு சிக்கலும் உண்டு. படத்தோடு போன் எழுதிவைக்கும் குறிப்புகள், அதாவது எடுத்த நேரம், போன் மாடல், ஜிபிஎஸ் இயக்கத்தில் இருந்தால் எடுத்த இடம், எல்லாம் பெரும்பாலும் கூடவே போகும். சாதாரணமாகப் படமாக அனுப்பும்போது வாட்ஸப் இவற்றை நீக்கிவிடுகிறது.

வீட்டு ரோஜாவுக்கு இதில் கவலைப்பட ஒன்றுமில்லை, வீட்டு முகவரி தெரியக்கூடாத ஆள் குழுவில் இல்லாதவரை. காட்டு ஆர்க்கிட், பறவைக் கூடு என்றால் வேறு. பிடுங்கிப் போகவும் கூட்டமாகப் போய்க் கலைக்கவும் ஆட்கள் உண்டு. உலகம் முழுக்க இயற்கை ஆர்வலர்கள் படம் பதியும் ஐநேச்சுரலிஸ்ட் தளம், அருகிவரும் உயிரினங்களின் இடத்தைத் தானாகவே மறைத்து, சுற்றுவட்டாரத்தில் பல கிலோமீட்டர் தள்ளிப் புள்ளி வைத்துத்தான் காட்டுகிறது. நாமும் கேமரா அமைப்பில் இருப்பிடப் பதிவை அணைத்துவிட்டு மலையேறலாம். மறந்துபோய் எடுத்துவிட்டால், அந்தப் படத்தை டாக்குமென்டாக அனுப்பாமல் எச்டியில் அனுப்பினால் போதும். இதழ் நரம்பு கொஞ்சம் போகும், செடி இருந்த இடத்தில் இருக்கும்.